மூணு எம்.எம். உசரம்

ஜூன் 5, புதன்

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. கண்ணாஸ்பத்திரி நர்ஸ் கொடுத்தது. சொட்டு மருந்து எத்தனை மணிக்கு விட்டேன், எவ்வளவு நேரம் குப்புறப் படுத்திருந்தார், எத்தனை நிமிடம் எழுந்தார், இதை மட்டும் எழுதிக் கொண்டுவரச் சொன்னது அந்தப் பெண். எனக்கு அது பத்தாது. வாய் ஓயாதவள் என்று பிறந்த வீட்டிலேயே பேர் வாங்கியவள் நான். பத்து நாள் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் மிச்சத்தை எங்கே கொட்டுவது? இங்கேதான்.

நேற்று இவருக்கு இடது கண்ணில் ஆபரேஷன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் மருதாசலம். சின்னவேடம்பட்டியில் வீட்டை ஒட்டியே எங்கள் பட்டறை. கண்ணுக்குள் பின்பக்கச் சவ்வு, சுவரில் ஒட்டின காலண்டர் தாள் மாதிரி பிரிந்துவிட்டதாம். அதை ஒட்டவைத்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை அடைத்திருக்கிறார்கள். குமிழி மேலே மேலே போகிற சாமான். இவர் முகம் தரையைப் பார்த்தபடி இருந்தால்தான் அது பின்பக்கம் போய்ச் சவ்வை அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் விலகிவிடும். அதனால் பத்து நாள் ராப்பகல் குப்புறப் படுக்கை. சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் எழுந்துகொள்ளலாம். அப்போதும் தலை குனிந்தே.

"மறுபடி பிரிஞ்சா அந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதாங்க" என்றார் டாக்டரம்மா, இவர் முகத்துக்கு நேராகவே. வலது கண்ணில் இருபது வயதில் கிரைண்டிங் பொறி பட்டிருக்கிறது. அதில் ஆள் தெரியும், முகம் தெரியாது. இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் இந்த இடது கண்தான். இது போனால் என்ன மிச்சம் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது?

எத்தனை நாளாகப் பார்வை மறைக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "நாலு நாளாத்தாங்க" என்றார் இவர்.

முகத்துக்கு ஓட்டை வைத்த மெத்தை வாடகைக்குக் கிடைக்குமாம். பட்டறைக்காரர் வீட்டுக்கு அதெல்லாம் எதற்கு? எங்களிடம் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிற குப்புராஜ் அரை இன்ச் கம்பியை லாடம் மாதிரி வளைத்துக் கட்டில் தலைமாட்டில் முடுக்கிக் கொடுத்தார். நான் பழைய வேட்டியைச் சுற்றினேன். நெற்றியும் தாடையும் அதில் அழகாக உட்காருகிறது. கீழே தரை. வேண்டியமட்டும் எறும்பு பார்க்கலாம்.

சொட்டு ஆறு வேளை. எழுந்தது மொத்தம் ஐம்பது நிமிடம்.

ஜூன் 6, வியாழன்

பொள்ளாச்சியில் ஒருவருக்குத் தேங்காய் நார் உரிக்கிற மெஷினுக்குப் பக்கத் தகடு நாற்பது வெட்டித் தர வேண்டும். பதினான்காம் தேதி வண்டி வரும். காலையிலிருந்து தரையைப் பார்த்து அதே பேச்சு.

"ஒரு மணி நேரம் எந்திரிச்சு ஓட்டிப்போட்டு வந்து படுத்துக்கறேன் அம்மிணி."

"பேசாமப் படுங்க. நான் ஓட்டறேன்."

"நீயா?"

"ஏனுங்க, கம்ப்யூட்டர்ல படம் போட்டு மெஷினுக்கு ஏத்தறது பதினேழு வருஷமா யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"படம் போடறது வேற, உசரம் பாக்கறது வேற" என்றார். அதுதான் உண்மை, எனக்குத்தான் ஒப்புக்கொள்ள மனசில்லை.

எங்கள் பிளாஸ்மா மெஷினில் ஒரு நீலத் தீ இரும்பை வெட்டும். அந்தத் தீ வருகிற டார்ச்சின் மூக்கு, தகட்டுக்கு மேலே மூன்று எம்.எம். உசரத்தில் நிற்க வேண்டும். அந்த மூக்குக்கு நாசில் என்று பேர். தகடு சும்மா இருக்காது. சூடேற ஏற ஒரு பக்கம் அப்பளம் மாதிரி எழும்பும், ஒரு பக்கம் தாழும். கூடவே டார்ச்சும் ஏறி இறங்க வேண்டும். தாழ்ந்தால் மூக்கு முட்டிக் கருகும். உயர்ந்தால் வெட்டு சாய்ந்து, அடியில் கசடு கட்டும். உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு பொட்டி மெஷினில் உண்டு. அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இவர் பொங்கலிலிருந்து அணைத்து வைத்திருக்கிறார். ஏற்ற ஒரு பட்டன், இறக்க ஒரு பட்டன், கறுப்புக் கண்ணாடி, கூடவே தன் கண். இப்படித்தான் இத்தனை மாதமாக ஓட்டினார்.

நானும் அப்படியே ஆரம்பித்தேன். அரை அடி வெட்டுவதற்குள் தகடு எழும்பியது. ஏற்றுகிற பட்டனுக்குப் பதில் இறக்குகிறதை அழுத்தித் தொலைத்தேன். டார்ச் முட்டிப் பொறி சிதறி, மெஷின் அலறிக்கொண்டு நின்றது.

திரும்பினால் இவர் வாசலில் நிற்கிறார். தலை நிமிர்ந்து.

"உனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"எனக்கு என்ன கேடு? குனிங்க! தலையைக் குனிங்க மொதல்ல! கண்ணைக் கெடுத்துக்கத்தான் பொறந்தீங்களா?" பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். குப்புராஜ் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார்.

நிமிர்ந்திருந்தது நான்கு நிமிடம். நோட்டில் நான்கு என்றே எழுதினேன்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வலி இல்லை, சிவப்பு இல்லை என்றால் பயப்பட வேண்டாம், இனி நிமிரவே கூடாது என்றார்கள்.

அவருக்கும் எனக்கும் மத்தியானம்வரை பேச்சு இல்லை. பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். படுக்கையறைக்கும் பட்டறைக்கும் ஒரே சுவர். மெஷின் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கும். உசரம் சரியாக இருந்தால் புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே சீராக இருக்குமாம். ஏறினால் சத்தம் பரந்துபோகும், தாழ்ந்தால் கரகரக்கும். "நான் இங்கிருந்தே சொல்றேன், நீ பட்டனை அமுத்து."

ஒரு தகடு வெட்டினோம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஏத்து! ஏத்து! போதும்! கொஞ்சூண்டு எறக்கு!" என்று சத்தம். தகடு அருமையாக வந்தது. சிரித்துக்கொண்டே சொல்ல ஓடினேன். பார்த்தால், வேட்டி சுற்றின லாடத்தில் தலை இல்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு பாதி உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறார்.

அந்த யோசனைக்கும் முழுக்குப் போட்டாயிற்று. மெஷின் தப்பாகச் சத்தம் போட்டால் இவர் எழுந்துவிடுவார். அது சரியாகச் சத்தம் போடுகிறவரைக்கும்தான் இவர் படுத்திருப்பார். இதுதான் இப்போது என் பிழைப்பு.

ஜூன் 8, சனி

உக்கடத்திலிருந்து கபூர் பாயை வரவழைத்தேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எலக்ட்ரானிக் சாமான் எது படுத்தாலும் அவர்தான். பொட்டியைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லையேம்மா. பொங்கலுக்கு முன்னாடி வந்தப்பவே சொல்லிட்டுத்தானே போனேன்?"

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நீங்க மக வீட்டுக்கு ஓசூர் போயிருந்தீங்க. நம்பர் மங்கலாத் தெரியுது, டிஸ்பிளேயை மாத்துன்னாரு அண்ணன். எனக்குப் பளிச்சுன்னுதான் தெரிஞ்சுது. இருந்தாலும் சொல்றாரேன்னு புதுசு மாத்திக் குடுத்தேன். அதுவும் மங்கலா இருக்குதுன்னாரு. அப்புறம் கூப்பிடவே இல்லை. உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்னார், சொன்னார் என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

பொட்டி எப்படி உயரம் பார்க்கிறது என்று பாய் விளக்கினார். தீ நீண்டால் வோல்ட் ஏறும், குறுகினால் இறங்கும். இந்தத் தகட்டுக்கு நூற்று இருபத்தைந்து வோல்ட் என்று நம்பர் போட்டுவிட்டால் போதும். ஏறினால் டார்ச்சை இறக்கும், இறங்கினால் ஏற்றும். "அதுக்குக் கண்ணே வேண்டாம்மா" என்றார் பாய். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் போனபிறகு, தீ இல்லாமல் டார்ச்சை மட்டும் தகட்டுக்கு மேலே நிறுத்தினேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பட்டனை அழுத்தி மூன்று எம்.எம். என்று எனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தி, அளந்து பார்த்தேன். ஒன்பது. மறுபடி வைத்தேன். இந்தத் தடவை தகட்டிலேயே முட்டியது. எனக்காவது பொத்தாத ஒரு கண் நன்றாக இருக்கிறது. இவருக்கு அதுவும் இல்லை.

ஐந்து மாதம் இப்படித்தான் வெட்டியிருக்கிறார். நாசில் கருகும்போதெல்லாம் "கண்ணு எங்க இருக்குது உங்களுக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டபோது கேட்டேன். குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றியபோது கேட்டேன். என் வாயில் தீயை வைக்க.

ஜூன் 9, ஞாயிறு

மெஷின் ஓட்டவில்லை. மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தார். சொட்டு ஆறு வேளை. நான் எதையும் கேட்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

பொட்டியைப் போட்டு நம்பரை வைத்தேன். நேராகப் போகும்போது தங்கமாகப் போகிறது. தகடு எழும்பினால் டார்ச்சும் எழும்புகிறது. என்னமோ கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. ஆனால் மூலை வந்ததும் குபீரென்று தலைகுப்புற இறங்கி முட்டுகிறது. இரண்டு நாசில் போச்சு. உள்ளேயிருந்து கட்டில் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லைங்க, குப்புராஜ் தகட்டைப் போட்டுட்டாரு" என்று கத்தினேன். பாவம், குப்புராஜ் திருதிருவென்று விழித்தார்.

பாய் போனில் சொன்னார்: "மூலையில மெஷின் வேகம் குறையும்மா. வேகம் குறைஞ்சா வெட்டு அகலமாகும், வோல்ட் ஏறும். டார்ச் உசந்துருச்சுன்னு பொட்டி தப்பா நினைச்சு அமுக்கும். மூலையில அதைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லணும். மூலைப் பூட்டுன்னு ஒரு செட்டிங் இருக்குது பாருங்க. வேகம் எண்பது சதத்துக்குக் கீழ போனா உசரத்தைத் தொடாதேன்னு வைங்க."

வைத்தேன். மூலை திரும்பியது. முட்டவில்லை. அடுத்த மூலையும் முட்டவில்லை. நானும் குப்புராஜும் மெஷினைப் பார்த்துக் கும்பிடாத குறை.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் சாரல். கூரை ஒழுகித் தகட்டில் தண்ணீர். மூக்கு முதலில் இறங்கித் தகட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் உயரம் கணக்கு வைத்துக்கொள்ளும். தண்ணீரைத் தொட்டதும் தகடு வந்துவிட்டது என்று நினைத்து உயரத்திலேயே நின்று தீ பிடிக்காமல் தவித்தது. ஒவ்வொரு தகடாகத் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டோம். பதினான்கு வெட்டினோம்.

பதினோரு மணிக்குச் சொட்டு விடப் போனேன். மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. லாடத்தில் முகம் வைத்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. சொட்டு அரை மணி நேரம் தாமதம்.

ஜூன் 12, புதன்

மத்தியானத்துக்குள் நாற்பதும் முடிந்தது. மெஷினை நிறுத்தினேன். கை கழுவக்கூட இல்லை, "என்னாச்சு? ஏன் நின்னுபோச்சு?" என்று உள்ளேயிருந்து குரல். கட்டில் கிரீச்சிட்டது. நாற்பதும் முடிந்தது என்று சொன்னால் சந்தோஷப்படுவார், சந்தோஷத்தில் எழுந்து வந்து தகட்டைத் தடவிப் பார்ப்பார். எனக்கு இந்த மனுசனைத் தெரியாதா?

"தகடு மாத்தறோமுங்க" என்றேன்.

மிச்சம் கிடந்த தகட்டை ஏற்றி, கோடு கோடாக வெட்டவிட்டேன். சாயங்காலம்வரை அதே வேலை.

"அக்கா, இது யாருக்குங்க?" என்றார் குப்புராஜ்.

"உங்க அண்ணனுக்கு" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த மிச்சத்தை எடுத்துப் போட்டார்.

எழுந்தது மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். இதுவரை இதுதான் குறைவு.

ஜூன் 13, வியாழன்

அவர் முகத்தை நேராகப் பார்த்து ஏழு நாளாகிவிட்டது. முதுகும் பிடரியும்தான். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் பாயைப் போட்டு, அவர் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தேன். இடது கண்ணில் மூடி. வலது கண்ணால் உற்று உற்றுப் பார்த்தார். கன்னமெல்லாம் கம்பியின் தடம், தாடி நரைத்து முள்ளாக நின்றது.

"யாரது?"

"ரதி."

"அம்மிணி, நீ சிரிக்கறயா அழுவறயா? எனக்கு இதுல தெரியாது."

"சிரிக்கறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து மத்தியானத்துக்கு மேல என்ன வெட்டினே?" என்றார்.

"பொள்ளாச்சித் தகடுதான்."

"அந்தத் தகட்டுக்கு ஆறு மூலை. மூலைக்கு மூலை சத்தம் ஒரு தரம் அமுங்கி எந்திரிக்கும். மத்தியானத்துக்கு மேல மூலையே வரலை. நேர்கோடாவே போச்சு."

நான் கீழே விரித்த பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எனக்காக ஓட்டறேன்னு தெரிஞ்சுதான் படுத்திருந்தேன். பொட்டியும் போட்டுட்ட போல. நல்லா ஓட்டறே."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சதைச் சொல்ல மட்டும் வாய் வராது" என்றேன். "டிஸ்பிளே மாத்தினதைக் கபூர் பாய் சொல்லிப்போட்டாரு."

அவர் மூச்சு என் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

"உன்கிட்ட சொன்னா நெசமாயிரும்னு இருந்துச்சு அம்மிணி. சொல்லாத வரைக்கும் பொட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டிருந்தேன். மார்கழியிலயே கீழ ஒரு ஓரமா நெழல் மாதிரி வந்துச்சு. சித்திரையில உன்ற மூஞ்சி பாதி போச்சு. அப்பவும் சொல்லலை. பயந்துட்டேன்."

நானும் பயந்துதான் இருக்கிறேன் என்று சொன்னேன். திட்டினதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று அவர் சொன்னார். இருக்காது, இரண்டாவதாக இருக்கும். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. மருந்தாக இருக்கும் என்று துடைக்காமல் கிடந்தேன்.

ஜூன் 15, சனி

நேற்று பொள்ளாச்சி வண்டி வந்து தகடுகளை ஏற்றிப் போனது. இன்று ஆஸ்பத்திரி. நோட்டைக் கேட்டார்கள். சொட்டுக் கணக்குக்குக் கட்டம் போட்ட பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா உட்காருவதற்குள் இவரே சொல்லிவிட்டார், "நாலு நாளில்லைங்க. மார்கழியிலிருந்துங்க."

"சவ்வைப் பார்த்தப்பவே தெரிஞ்சுதுங்க" என்றார் அவர், கோபப்படாமல். "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

சவ்வு ஒட்டியிருக்கிறது. அந்த நான்கு நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இத்தனை மாதம் பிரிந்து கிடந்ததால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். நிழலாகத் தெரியலாம், எழுத்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். குமிழி கரைய வேண்டும். உட்காரலாம், நடக்கலாம், மல்லாந்து மட்டும் படுக்கக் கூடாது. மலை ஏறினால் குமிழி உப்பிவிடுமாம், ஊட்டிப் பக்கம் ஏறவே கூடாது. ஊட்டிக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்னை?

ஜூன் 22, சனி

குமிழிக்கு மேலே ஒரு கோடு தெரிகிறதாம். தலையைச் சாய்த்தால் கோடு மட்டும் சாயாமல் நிற்கிறதாம். "கண்ணுக்குள்ள ரசமட்டம் வெச்சுட்டாங்க அம்மிணி. இனி சுவரெல்லாம் நூல் புடிக்காமக் கட்டலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். கோட்டுக்கு மேலே என்ன தெரிகிறது என்று நான் கேட்டதற்கு, வெளிச்சம் என்றார். வேறு? வெளிச்சம்தான் என்றார்.

மத்தியானம் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். ஏற்றுகிற பட்டனுக்கு அவர் கை போகவே இல்லை.

ஜூன் 29, சனி

கோடு பாதிக்கு வந்துவிட்டது. டியூப்லைட் தெரிகிறது. கதவு தெரிகிறது. கதவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்றோடு குமிழி கரைந்துவிட்டது.

காலையில் முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எனக்கு ஒரே அவசரம், பதற்றம். "என்ன தெரியுதுங்க?" என்றால், "இருடி, பழகட்டும்" என்கிறார். அந்தக் கண்ணில் மட்டும் பார்க்கட்டும் என்று, வலது கண்ணை என் கையால் பொத்தினேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார். இதோடு சரி, இவ்வளவுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் தன் கையால் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார்.

"இதென்ன அம்மிணி? கையில இது எப்பப் பட்டுச்சு?"

இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை. ஜூன் ஆறாம் தேதி டார்ச் முட்டியபோது உருகின இரும்பு ஒரு பொட்டு அளவுக்கு முழங்கைக்குக் கீழே தெறித்துச் சதைக்குள் இறங்கிவிட்டது. "உனக்கு ஏதாச்சும் ஆச்சா" என்று அவர் வாசலில் வந்து கேட்டது அப்போதுதான். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அவரை விரட்டினேன். அப்புறம் தினமும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். இப்போது ஆறி, இளஞ்சிவப்பாக, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற தழும்பு. குப்புராஜுக்கே தெரியாது.

"நான் கேட்டதுக்கு ஒண்ணுமில்லேன்னியே? மருந்து போட்டியா? ஆஸ்பத்திரி போனியா? அங்கதானே மறுநாளே போன் பண்ணினே, ஒரு வார்த்தை கேட்டியா? நான் மறைச்சேன்னு என்னை அந்தப் பேச்சுப் பேசினே, நீ மட்டும் மறைக்கலாமா? புத்தி இருக்குதா உனக்கு?"

கால் மணி நேரம் விடாமல் திட்டினார். தழும்பின் ஓரத்தில் தோல் உரிந்திருப்பதைக்கூடக் காட்டிக் காட்டித் திட்டினார். நான் அவர் வலது கண்ணைப் பொத்தின கையை எடுக்கவே இல்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவும் இல்லை.